ஐம்பது மீட்டர்

மாவட்டத்தில் நான்தான் முதலாவது.
பேருந்து நிலையத்துக்கு எதிரே
சிவப்புத் துணியில் மௌ லான்ஃபென் என்று
ஆளுயர எழுத்தில் கட்டினார்கள்.
காற்றில் ஓர் ஓரம் அவிழ்ந்தபோது
உரக்கடை பௌ ஏணி போட்டு ஏறி
மறுபடி இறுக்கிக் கட்டினார்.
ஆகஸ்ட் முழுக்க அதன் கீழேதான்
தக்காளி வாங்கப் போனேன், தலை குனிந்து.

பெய்ஜிங்கில், ஆறாவது மாடி அறையில்
நான்கு பேர்.
நால்வருமே முதலாவது.
முதல் இரவு விளக்கணைந்த பின்
அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.
அக்டோபரில் யாரும் சொல்லவில்லை.

எதிர்க்கட்டில் பியென் ரூவோஷி,
நான் கேள்வியை வாசித்து முடிக்குமுன்
பேனாவை மூடிவிடுவாள்.
எப்படி வந்தது என்று கேட்டால்
"பார்த்தாலே தெரியுதே" என்பாள்.
கர்வம் இல்லை அதில்.
எனக்கு ஏன் தெரியவில்லை என்று
உண்மையிலேயே குழம்புவாள்.
அதைத்தான் தாங்க முடியாது.

நுண்கணிதம், இடைத்தேர்வு: அறுபத்திரண்டு.
தாளை நாலாக மடித்து
மேலங்கியின் உள்பையில் போட்டேன்.
மூச்சு விடும்போதெல்லாம் விலாவில் சரசரத்தது.
தொலைபேசியில் அப்பா:
சாப்பாடு எப்படி?
நல்லா இருக்கு.
படிப்பு?
நல்லா இருக்கு.
இரண்டில் ஒன்று உண்மை.

சொல்ல வந்தது அதுவல்ல.

இங்கே நீந்தத் தெரியாதவருக்குப் பட்டம் இல்லை.
ஐம்பது மீட்டர்.
அழகு தேவையில்லை, வேகம் தேவையில்லை,
நடுவில் காலூன்றக் கூடாது, அவ்வளவுதான்.
என் ஊர் திங்ஷி.
பெய்த மழையை முற்றத்துக் குழியில் இறக்கி
மூடி போட்டு
மூடிக்குப் பூட்டும் போடுகிற ஊர்.
முகம் கழுவிய நீரில் கால்,
கால் கழுவியது வெங்காயப் பாத்திக்கு.
இவ்வளவு தண்ணீரை, நீலமாக, ஒரே இடத்தில்
சும்மா நிறுத்தி வைத்திருக்கிறார்கள்
என்று பார்த்ததும்
முதலில் எனக்கு வந்தது பயமல்ல,
கோபம்.
பயம் மார்பளவுக்கு இறங்கியபின் வந்தது.

தெரியாதவர்களுக்கு மஞ்சள் தொப்பி.
ரூவோஷிக்கு நீலம். ஹாங்சோக்காரி.
மூன்றாம் தடத்தில் போனாள்,
தண்ணீருக்கே வலிக்காமல்.
திரும்பி வந்து என் தடத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
"அது தூக்கும், விடு" என்றாள்.
எது? எப்படி?
பழைய குழப்பம், பழைய முகம்.

ஏழு வாரம் குடித்தேன் அந்தக் குளத்தை.
டிசம்பரில் தேர்வு.
மூக்கில் குளோரின், காதில் என் இதயம்,
கைகள் என்னுடையவை அல்ல,
பத்து, இருபது,
பிறகு ஒரு கணம் யாரோ அடியில் கை கொடுத்ததுபோல்
உடம்பு லேசானது.
அந்த ஆச்சரியத்திலேயே
காலை ஊன்றிவிட்டேன்.

பயிற்சியாளர் வெந்நீர்க் குடுவையைத் திறந்தபடி
பலகையில் "முப்பது" என்று எழுதினார்.
அடுத்தவரைக் கூப்பிட்டார்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
சிவப்புத் துணியை
யாரும் அவிழ்க்க வரவில்லை.
மஞ்சள் தொப்பியோடு நான்
சிறிது நேரம் அங்கேயே நின்றேன்,
மார்பளவு நீரில்,
முப்பதில்.

சைக்கிளில் திரும்பும்போது
ஈர முடி குச்சி குச்சியாக உறைந்து
கழுத்தில் கடகடவென்று மோதியது.
அறையில் மேலங்கியைக் கழற்றினால் உள்பையும் ஈரம்.
தாளை விரித்து வெப்பக்குழாய்மேல் போட்டேன்,
எல்லோரும் பார்க்க.

ரூவோஷி குனிந்து வாசித்தாள்.
நெடுநேரம் வாசித்தாள், அவள் அளவுக்கு.
நாலாம் கேள்வியில் விரல் வைத்து
"இங்கேதானே காலை ஊன்றினே?" என்றாள்.
ஆமாம்.
"அடுத்த வரி வந்திருக்கும்."
வந்திருக்கும்.

என் முடியிலிருந்து பனி உருகிச் சொட்டியது.
முகம் கழுவும் வட்டிலை எடுத்து
அடியில் வைத்தேன்.
"எதுக்கு?" என்றாள்,
வட்டிலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து.

பார்த்தாலே தெரியுதே,
என்று சொல்ல வாயெடுத்து
நிறுத்திக்கொண்டேன்.
உட்கார், சொல்கிறேன் என்றேன்.